214 கோடிச் சொச்சம்: ஓர் எண், பல கேள்விகள்

போன இதழில் ஏதோ ஒரு பதிலின் வாலில் 2147483647 என்ற எண்ணைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். வாசகர்கள் நகரவிடவில்லை. இந்த வாரம் அந்த ஓர் எண்ணுக்கு மட்டும்தான் தர்பார். சினிமாக் கேள்விகள் அடுத்த வாரம்.

கேள்வி: முதலில் இதை எப்படி வாசிப்பது? (வாசகர், மன்னார்குடி)

பதில்: கமாவை நம் ஊர் வழக்கப்படி போட்டால் 2,14,74,83,647. இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள், இன்னும் நிறைய இருக்கிறது.

கேள்வி: எங்கள் கடையில் பில் போடும் கம்ப்யூட்டரில் எந்த வாடிக்கையாளரின் செல் நம்பரைப் பதிந்தாலும் 2147483647 என்றே சேமிக்கிறது. யாருடைய நம்பர் இது? அவருக்கு போன் போட்டுத் திட்டலாமா? (மளிகை வியாபாரி, விருதுநகர்)

பதில்: திட்ட வேண்டியது அந்த மென்பொருளை எழுதிய தம்பியை. போன் நம்பருக்கென்று அவர் ஒதுக்கிய இடம் 32 பிட் முழு எண். அதில் அடங்கக்கூடிய மிகப் பெரிய எண் 2147483647. நம் நாட்டு செல் நம்பர்கள் 6, 7, 8, 9 என்றுதான் தொடங்கும். ஆகவே அத்தனையும் இதைவிடப் பெரியவை. கெடுபிடி இல்லாத டேட்டாபேஸ் அதிகப்படியை வெட்டி, தன்னால் முடிந்த பெரிய எண்ணை எழுதி வைத்துவிடுகிறது. போன் நம்பரை யாராவது கூட்டிப் பெருக்கப் போகிறார்களா? அதை எண்ணாகச் சேமிக்கவே கூடாது, எழுத்தாகச் சேமிக்க வேண்டும். தம்பியிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். இதுவரை பதிந்த நம்பர்கள் போனது போனதுதான். திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அடங்கக்கூடிய மிகப் பெரிய எண் என்றால் 200 கோடி, 300 கோடி என்று முழுசாக இருக்கக் கூடாதா? அதென்ன 647? (பிளஸ் டூ மாணவி, தேனி)

பதில்: நமக்குப் பத்து விரல், அதனால் கோடி முழுசு. கணினிக்கு இரண்டே நிலை, 0 அல்லது 1. முப்பத்திரண்டு இடங்களில் முதலாவதை, எண் கூட்டலா கழித்தலா என்று காட்டும் குறிக்குக் கொடுத்துவிட்டால் மிச்சம் 31. அந்த 31 இடத்திலும் 1 போட்டால் கிடைப்பதுதான் இந்த எண். இரண்டை முப்பத்தொரு முறை பெருக்கி ஒன்றைக் கழித்தது: 2³¹−1. கணினியின் கண்ணுக்கு இதைவிட முழுசான எண் கிடையாது.

பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் 99999 வந்ததும் 00000க்குப் புரளுமே, அதைப்போல இதுவும் புரளும். என்ன, இது பூஜ்யத்துக்குப் போகாமல் பாதாளத்துக்கே போய்விடும். 2147483647 உடன் ஒன்றைக் கூட்டினால் பெரும்பாலான கணினிகளில் −2147483648 வரும். கோடீஸ்வரன் ஒரு ரூபாய் வரவில் கடன்காரன் ஆகிவிடுகிறான்.

கேள்வி: எண் கணிதப்படி இது ராசியான எண்ணா? காருக்கு வாங்கலாமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: இலக்கங்களைக் கூட்டினால் 46, அதைக் கூட்டினால் 10, கடைசியில் 1. சூரியன் என்பார்கள். எனக்குத் தெரிந்தவரை அந்த 1-க்கு ஒரே அர்த்தம்தான்: எண்ணை ஒன்பதால் வகுத்தால் மீதி 1 வரும். பத்து இலக்கத்துக்கு எந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் தகடு தரமாட்டார்கள், அதனால் பணம் மிச்சம்.

கேள்வி: இது பகா எண் என்று எழுதியிருந்தீர்கள். 214 கோடியை எவன் உட்கார்ந்து வகுத்துப் பார்த்தான்? (ஓய்வு பெற்ற ஆசிரியர், நாகர்கோவில்)

பதில்: ஏறக்குறைய பார்வை போன ஒரு மனிதர். லெயோன்ஹார்டு ஆய்லர். வருடம் 1772, ஊர் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். வலக்கண் இளமையிலேயே போய்விட்டது, இடக்கண்ணைப் புரை தின்றுவிட்டது. கணித அறிஞர் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில், 2³¹−1 பகா எண்தான், சரிபார்த்துவிட்டேன் என்று போகிற போக்கில் தெரிவிக்கிறார்.

ஒரு எண் பகா எண்ணா என்று அறிய அதன் வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்த்தால் போதும் என்பது நீங்கள் பாடம் நடத்தியதுதான். இதன் வர்க்கமூலம் 46,340-ஐச் சற்றே தாண்டும். அதுவரை பகா எண்கள் மட்டுமே ஏறத்தாழ 4,800 இருக்கின்றன. அத்தனையாலும் வகுப்பது கண் தெரிந்தவனுக்கே தண்டனை. ஆய்லர் வகுக்கும் முன் யோசித்தார். எதற்கெல்லாம் வாய்ப்பே இல்லை என்று கழித்துக்கட்டினார்.

அந்தக் கழிவு எப்படி என்று பாருங்கள். ஏதோ ஒரு பகா எண் 2³¹−1-ஐ மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2, 4, 8, 16 என்று இரண்டின் அடுக்குகளை அந்த எண்ணால் வகுத்து மீதிகளை வரிசையாக எழுதினால், 31ஆம் இடத்தில் மீதி 1 வந்து, வரிசை மறுபடி முதலிலிருந்து சுற்றும். 31 பகா எண் என்பதால் அதற்கு முன்னால் இடையில் எங்கும் சுற்று முடியாது. இன்னொரு பக்கம் ஃபெர்மா சொன்ன ஒரு தேற்றம்: அந்த வரிசையில், வகுக்கும் எண்ணைவிட ஒன்று குறைவான இடத்தில் மீதி கட்டாயம் 1 வரும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வகுக்கும் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் அது 31-இன் மடங்காக இருந்தே ஆக வேண்டும். வகுக்கும் எண் ஒற்றைப்படை என்பதால் 62-இன் மடங்கு. கூடவே, வகுக்கும் எண்ணை எட்டால் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே வரலாம் என்று இன்னொரு நிபந்தனையும் உண்டு.

இரண்டு நிபந்தனையையும் சேர்த்தால் தேர்வு எழுதத் தகுதி உள்ளவர்கள் இரண்டே குடும்பத்தார். 248-இன் மடங்குடன் 1 கூட்டியவர்கள், அல்லது 63 கூட்டியவர்கள். 46,340-க்குள் முதல் குடும்பத்தில் 186 பேர், அடுத்ததில் 187 பேர். 63 என்பதே பகா எண் இல்லை, அவரை வாசலிலேயே அனுப்பிவிடலாம். ஆக 372. அதிலும் பகு எண்களைத் தள்ளிவிட்டால் எண்பதுக்குப் பக்கத்தில்தான் மிஞ்சும். 4,800 வகுத்தல் எண்பது சொச்சமாகச் சுருங்கிவிட்டது. கண் தெரியாத கிழவர் 214 கோடியை வென்றது இப்படித்தான்.

கேள்வி: அந்த எண்பதில் ஒன்றையாவது போட்டுக் காட்டுங்களேன், நம்புகிறோம். (கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை)

பதில்: நம்பாதீர்கள், பேனாவை எடுங்கள். வரிசையில் முதலில் வருவது 63, அது பகு எண். அடுத்து 249, அது 83-இன் மூன்று மடங்கு. மூன்றாவதாக 311. இது அசல் பகா எண். இதனால் 214 கோடியை நேரடியாக வகுக்கத் தேவையில்லை.

2-இன் 8ஆம் அடுக்கு 256. அது 311-க்கு 55 குறைவு, ஆகவே அதை −55 என்றே வைத்துக்கொள்ளலாம். வர்க்கப்படுத்தினால் 16ஆம் அடுக்கு: 3025. அதில் ஒன்பது 311 போக மீதி 226. இந்த 226-ஐ மறுபடி −55-ஆல் பெருக்கினால் 24ஆம் அடுக்கு: −12430. நாற்பது 311 என்பது 12440, ஆக மீதி 10. இன்னும் ஏழு அடுக்குதான் பாக்கி, அதாவது 128-ஆல் பெருக்க வேண்டும்: 1280. நான்கு 311 போனால் 36. ஒன்றைக் கழிக்க 35. பூஜ்யம் வரவில்லை, 311 தோற்றது.

நாலு வரிக் கணக்கு. 214 கோடி என்ற எண் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை, கவனித்தீர்களா? இதே வித்தையை 1303-க்கும் போட்டுப் பாருங்கள். மீதி 226 வர வேண்டும்.

கேள்வி: ஆய்லர் வீட்டில் சும்மா இருக்கமாட்டாரா? (இல்லத்தரசி, மயிலாடுதுறை)

பதில்: பதின்மூன்று பிள்ளைகள் பெற்றவர். வீட்டில் சும்மா இருக்க வாய்ப்பே இல்லை.

கேள்வி: மெர்சென் எண் என்கிறார்களே, அவர் யார்? ஆய்லருக்குப் போட்டியாளரா? (வாசகர், கோவில்பட்டி)

பதில்: ஆய்லர் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முன்பே காலமாகிவிட்ட பிரெஞ்சுப் பாதிரியார். 2-இன் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் எப்போதெல்லாம் பகா எண் கிடைக்கும் என்று 1644-இல் ஒரு பட்டியல் போட்டார். அடுக்கு 257 வரை. 31-ஐச் சரியாகச் சொன்னார். ஆனால் 67, 257 இரண்டையும் தவறாகச் சேர்த்துவிட்டார், 61, 89, 107 மூன்றையும் விட்டுவிட்டார். இத்தனைக்கும் பெயர் அவருடையதாகவே நிலைத்துவிட்டது. முன்னால் போய்த் துண்டு போட்டவருக்குத்தானே இடம்!

அந்த 67-ஐப் பற்றி ஒரு கதை உண்டு. 1876-இல் பிரான்சின் எதுவார் லூக்கா, 2⁶⁷−1 பகா எண் இல்லை என்று நிரூபித்தார். ஆனால் எதால் வகுபடும் என்று அவராலும் சொல்ல முடியவில்லை. திருடன் இருக்கிறான் என்று தெரியும், பெயர் தெரியாது. 1903-இல் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம். ஃபிராங்க் நெல்சன் கோல் மேடைக்குப் போனார், ஒரு வார்த்தை பேசவில்லை. கரும்பலகையின் ஒரு பக்கத்தில் இரண்டைப் பெருக்கிப் பெருக்கி 2⁶⁷−1-ஐ எழுதினார்: 147573952589676412927. மறுபக்கம் 193707721-ஐயும் 761838257287-ஐயும் எழுதி, பள்ளிக்கூடப் பையனைப்போல வரிவரியாகப் பெருக்கினார். இரண்டு விடையும் ஒன்றே. சாக்பீஸை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அரங்கமே கைதட்டியது என்பார்கள். கண்டுபிடிக்க எவ்வளவு காலம் ஆயிற்று என்று கேட்டதற்கு மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். நம் கருத்தரங்குகளுக்கு வரும் பேச்சாளர்கள் சிலருக்கு இந்தக் கதையைத் தபாலில் அனுப்பலாம் என்று பார்க்கிறேன்.

கேள்வி: இதையெல்லாம் கண்டுபிடித்து யாருக்கு என்ன லாபம்? (வாசகர், சேலம்)

பதில்: உங்களுக்கு முன்பே பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயர் இந்தச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டார். 2³¹−1-ஐ வைத்துச் செய்யப்படும் ஓர் எண்ணைப் பற்றி 1811-இல் எழுதும்போது, இதைவிடப் பெரியதை இனி யாரும் தேடப் போவதில்லை, இவை வேடிக்கைக்கே தவிர உபயோகத்துக்கு இல்லை என்ற பொருள்பட எழுதினார். அறுபத்தைந்து வருடம் கழித்து மேலே சொன்ன அதே லூக்கா 39 இலக்கம் கொண்ட 2¹²⁷−1-ஐப் பகா எண் என்று நிரூபித்து, பார்லோவின் ஜோசியத்தைப் பொய்யாக்கினார்.

உபயோகத்துக்கு வருகிறேன். கணினியில் தாயம் உருட்ட வேண்டும், அதாவது எந்த ஒழுங்கும் தென்படாத எண்களை வரிசையாகத் தர வேண்டும். ஒரு பழைய, எளிய வழி: கையிலிருக்கும் எண்ணை 16807-ஆல் பெருக்கு, 2147483647-ஆல் வகு, மீதியை எடு, அதையே மறுபடி பெருக்கு. 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073 என்று போகும். 2147483647 பகா எண்ணாகவும், 16807 சரியாகத் தேர்ந்தெடுத்ததாகவும் இருப்பதால், 1 முதல் 2147483646 வரை ஒன்றுவிடாமல் எல்லா எண்ணும் ஒரு தடவை வந்த பிறகுதான் முதல் எண் திரும்பும். பகு எண்ணாக இருந்தால் இந்த உத்தரவாதம் கிடைக்காது. 1988-இல் பார்க், மில்லர் என்ற இருவர் இதையே குறைந்தபட்சத் தரமாக வைத்துக்கொள்ளலாம் என்று பரிந்துரைத்தார்கள். உலகமெங்கும் புரோகிராமர்கள் எடுத்தாண்டார்கள். இன்று இதைவிட நல்ல முறைகள் வந்துவிட்டன. ரகசியக் காப்புக்கு இது உதவவே உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: பார்லோ சொன்ன அந்த 'வைத்துச் செய்யப்படும் எண்' எது? பாதியில் விட்டுவிட்டீர்களே. (வாசகி, ஈரோடு)

பதில்: 6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சிறிய காரணிகள் 1, 2, 3. கூட்டினால் 6-ஏ. 28-உம் அப்படித்தான்: 1, 2, 4, 7, 14. வரவும் செலவும் சரியாக நிற்கும் இந்த எண்களை நிறைவெண் என்பார்கள். மெர்சென் பகா எண் ஒன்று கிடைத்தால் ஒரு நிறைவெண் இலவசம் என்பது யூக்ளிட் காலத்துச் சமாசாரம். நம் எண்ணை 2³⁰-ஆல் பெருக்கினால் 2305843008139952128 வருகிறது. வரிசையில் எட்டாவது நிறைவெண். ஒற்றைப்படையில் நிறைவெண் உண்டா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

கேள்வி: பகா எண்ணாகப் பார்த்துத்தான் கணினிக்காரர்கள் இந்த எல்லையைத் தேர்ந்தெடுத்தார்களா? (பொறியாளர், சிங்கப்பூர்)

பதில்: அவர்கள் தேர்ந்தெடுத்தது 32 பிட்டை. அது பகா எண்ணாக அமைந்தது யோகம். 8 பிட்டுக்கு எல்லை 127, பகா எண். 16 பிட்டுக்கு 32767. அது 7, 31, 151 மூன்றின் பெருக்கல். 64 பிட்டுக்கு 9223372036854775807. அதை ஏழால் இரண்டு தடவை வகுக்கலாம். ஆக 127-ஐயும் நம் ஆளையும் தவிர மற்றவர்களுக்கு யோகம் அடிக்கவில்லை. உலகம் இந்த எண்ணைத் தெரிந்துவைத்திருப்பது அது எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்பதற்காக. ஆய்லர் பார்த்த அழகு அதில் கால்வாசிகூட இல்லை என்பது என் கட்சி.

கேள்வி: யூடியூபுக்கே இந்த எண் தண்ணி காட்டியதாமே? (வாசகர், கோலாலம்பூர்)

பதில்: கொரியப் பாடகர் சையின் 'கங்னம் ஸ்டைல்'. 2014 டிசம்பரில் பார்வைக் கணக்கு இந்த எல்லையை நெருங்க, எண்ணியை 64 பிட்டாகப் பெரிதாக்கிவிட்டோம் என்று யூடியூப் அறிவித்தது. குதிரை ஓட்டுகிற மாதிரி ஒரு நடனத்தை 214 கோடி தடவை பார்ப்பார்கள் என்று எந்தப் பொறியாளர்தான் எதிர்பார்த்திருப்பார்!

கேள்வி: வேடிக்கை சரி. ஆபத்து ஏதும் உண்டா? (வாசகர், மதுரை)

பதில்: உண்டு. 2015-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் போயிங் 787 விமானங்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. மின்சாரத்தை நிறுத்தாமல் 248 நாள் தொடர்ந்து வைத்திருந்தால், ஜெனரேட்டர்களைக் கட்டுப்படுத்தும் பெட்டிகளுக்குள் ஓர் எண்ணி நிரம்பி வழிந்துவிடும். எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் கைவிரித்தால் விமானம் மின்சாரத்தை இழக்கலாம். பறக்கும்போதும் அது நடக்கலாம். ஆகவே அவ்வப்போது அணைத்துப் போடுங்கள் என்றது உத்தரவு. அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்ற நம் வீட்டு வைத்தியம் 787-க்கும் செல்லுபடியானது.

248 எங்கிருந்து வந்தது? நொடியின் நூறில் ஒரு பங்கை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு போனால் 2147483647 தீர்ந்துபோக 248 நாளும் ஏறக்குறைய 13 மணி நேரமும் ஆகும். ஆய்லரின் குடும்பங்களும் 248-இன் மடங்குதானே என்று சிலர் துள்ளிக் குதிக்கலாம். அது 31-இன் எட்டு மடங்கு, இது நாள் கணக்கு. பெயர் மட்டும் ஒன்று, உறவு கிடையாது.

கேள்வி: 2038-இல் உலகம் அழியும் என்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. நேரம் காலம் எல்லாம் போட்டிருக்கிறார்கள். உண்மையா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: நேரம் காலம் உண்மை, அழிவு கப்சா. 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவு தொட்டு எத்தனை நொடி ஆயிற்று என்று எண்ணுவதுதான் யூனிக்ஸ் வகைக் கணினிகளின் கடிகாரம். அந்த எண்ணிக்கையை 32 பிட்டில் வைத்திருக்கும் இயந்திரங்களுக்கு 2147483647ஆவது நொடி கடைசி நொடி. கிரீன்விச்சில் 2038 ஜனவரி 19, அதிகாலை 3 மணி 14 நிமிடம் 7 நொடி. உங்களுக்கும் எங்களுக்கும் காலை 8.44. செவ்வாய்க்கிழமை. ராகு காலம் பிற்பகல் மூன்றுக்கு, எமகண்டம் ஒன்பதுக்கு. எமகண்டம் பிறக்கப் பதினாறு நிமிடம் இருக்கும்போதே காரியம் முடிந்துவிடும்.

அடுத்த நொடியில் அப்படிப்பட்ட இயந்திரங்கள் 1901 டிசம்பர் 13 என்று நினைத்துக்கொள்ளும். உங்கள் செல்போனும் புதிய லேப்டாப்பும் பெரும்பாலும் 64 பிட் கடிகாரத்துக்கு மாறிவிட்டன, கவலை இல்லை. கவலை, சுவருக்குள்ளும் மோட்டாருக்குள்ளும் பொருத்திவிட்டு எல்லோரும் மறந்துபோன சின்னச் சின்னக் கணினிகளைப் பற்றித்தான். பதினைந்து, இருபது வருடம் உழைக்கப்போகும் இயந்திரத்தை இப்போது வாங்குகிறவர்கள், 2038 தாங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

கேள்வி: சதுரங்கப் பலகையில் அரிசி வைத்த கதைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? (மாணவி, நாகப்பட்டினம்)

பதில்: நேரடிச் சம்பந்தம். முதல் கட்டத்தில் 1, அடுத்து 2, அடுத்து 4 என்று இரட்டித்து வைத்தால், 31 கட்டம் நிரம்பும்போது மொத்த அரிசிமணி சரியாக 2147483647. ஆயிரம் அரிசிமணி 20 கிராம் என்று வைத்தால் சுமார் 43 டன். இதுவரை ராஜா சமாளிப்பார். அறுபத்து நாலாவது கட்டம் வரை போனால், இன்று உலகம் முழுக்க விளையும் அரிசியைப் பல நூறு வருடம் கொட்டினாலும் ஆகாது. கேரளத்தில் அம்பலப்புழை கிருஷ்ணன் கோயில் பால்பாயசத்துக்கு இதையே தலபுராணமாகச் சொல்கிறார்கள். கிழவர் வேடத்தில் வந்த கிருஷ்ணனிடம் ராஜா ஆட்டத்தில் தோற்று, கொடுக்க முடியாத அரிசிக்குப் பதிலாகப் பாயசம் ஊற்றத் தொடங்கினாராம். கடன் இன்னும் தீரவில்லை. பாயசம் குடிப்பவர்களுக்கு அவசரமும் இல்லை.

கேள்வி: எண் என்றாலே நம் ராமானுஜன்தான். இதைப் பற்றி அவர் ஏதும் சொல்லவில்லையா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: உங்கள் ஊர்க்காரரை எல்லா எண்ணுக்கும் அழைத்தால் அவரும் என்னதான் செய்வார்? ஆனால் இதற்கு நேர் எதிர்த் திசையில் அவர் வெகுதூரம் நடந்தார். நம் எண்ணுக்கு 1-உம் தானும் தவிர காரணியே கிடையாது, சுத்தத் தனியாள். ராமானுஜன் 1915-இல் வெளியிட்ட நீண்ட கட்டுரை, தன்னைவிடச் சிறிய எந்த எண்ணைக் காட்டிலும் அதிகக் காரணிகளை வைத்திருக்கும் எண்களைப் பற்றியது. பெரிய கூட்டுக் குடும்பங்கள். அவர் கையால் போட்ட பட்டியல் 6746328388800-இல் முடிகிறது. அதற்குக் காரணிகள் 10,080. அத்தனை நீளப் பட்டியலில் அவர் விட்டது ஒன்றே ஒன்று, 293318625600. அதை 23-ஆல் பெருக்கினால் அவருடைய கடைசி எண்ணே வந்துவிடுகிறது! கால்குலேட்டர் இல்லாத காலத்தில் இதைப் பிழை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

கேள்வி: 2-ஐ 2147483647 தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தால் அதுவும் பகா எண்ணா? (அடங்காத மாணவர், திருச்சி)

பதில்: பேராசைக்குப் பாராட்டு. 3 பகா எண், 2³−1 பகா எண். 7-உம் அப்படி, 31-உம் அப்படி. ஆகவே கேள்வியில் நியாயம் இருக்கிறது. நீங்கள் கேட்கும் எண்ணுக்கு 64 கோடிக்கு மேல் இலக்கங்கள். எழுதி முடிப்பது ஒரு ஆயுள் வேலை. ஆனாலும் அது பகா எண் இல்லை என்பது 1983 முதல் தெரியும். 295257526626031 என்ற பதினைந்து இலக்க எண் அதை மீதியில்லாமல் வகுக்கிறது. இந்த எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து 2147483647-ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக 137490 வரும். ஆய்லர் போட்ட நிபந்தனை இங்கும் அப்படியே நிற்கிறது. மேலே 311-க்கு நாம் போட்ட நாலு வரிக் கணக்கும் இங்கே செல்லும், வரிகள்தான் கொஞ்சம் அதிகம்.

கேள்வி: இன்றைய தேதிக்குப் பெரிய பகா எண் எது? (வாசகர், ஓசூர்)

பதில்: நான் அறிந்தவரை 2-இன் 136279841ஆம் அடுக்கிலிருந்து ஒன்று குறைவு. 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். நான்கு கோடியே பத்து லட்சத்துச் சொச்சம் இலக்கங்கள். இதுவும் மெர்சென் வகைதான். அந்தப் பாதிரியார் துண்டு போட்ட இடத்தில் இன்னமும் கூட்டம் குறையவில்லை.

கேள்வி: எல்லாவற்றையும் நீங்களே சொல்லிவிட்டால் நாங்கள் எதற்கு? ஒரு கணக்கு கொடுங்கள். (கணக்கு ஆசிரியை, புதுக்கோட்டை)

பதில்: இதோ. 2²⁹−1, அதாவது 53,68,70,911. இது பகா எண் இல்லை, மூன்று பகா எண்களின் பெருக்கல். ஆய்லர் வழியிலேயே போங்கள்: காரணி ஒவ்வொன்றும் 58-இன் மடங்குடன் ஒன்று கூடியது, எட்டால் வகுத்தால் மீதி 1 அல்லது 7. வடிகட்டிய பிறகு கைக்கு வரும் முதல் பகா எண்ணே ஒரு காரணி, அதனால் குழந்தைகளும் முயலலாம். மூன்றையும் கண்டுபிடித்து அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். விடை மட்டும் போதாது, வகுத்த வழியும் வேண்டும். கால்குலேட்டரில் போட்டவர்கள் அதையும் நேர்மையாக எழுதிவிடுங்கள்.